கொசுறுச் சிவப்பு

வைப்பாற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊரில், சிவப்பு தீர்ந்துபோன வருஷம்தான் தவசிலிங்கம் மகள் கல்யாணம் நடந்தது என்று சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் மரியாதைக்காகப் பாதியை விழுங்குகிறார்கள். தவசிலிங்கம் மகள் கல்யாணத்துக்காகத்தான் சிவப்பு தீர்ந்தது, தீர்த்தவன் நான்தான், வத்தல் தரகு தவசிலிங்கம், பேரம் பேசாமல் ஒரு வாழைப்பழம்கூட உரித்துத் தின்னாதவன்.

எனக்கு எவனும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. ஏழு வயதில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குக் காம்பு கிள்ளப் போனவன் நான். அந்த நெடியில் கசக்கிக் கசக்கிச் சிவந்த கண் அதற்குப் பிறகு வெளுக்கவே இல்லை, ஊர் என்னைக் கோபக்காரன் என்பதில் பாதி அந்தக் கண்ணால் வந்தது, மீதிப் பாதி உண்மை. எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைக் கோத்துக்கொண்டு, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல் பிடித்துப் பேசுவோம். பிடித்த விரலுக்கு ஆயிரம், மடக்கிய விரலுக்கு ஆயிரம் குறைவு, சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் விலையோடு சேர்த்து எதிராளியின் நாடியும் தெரிந்துவிடும். அவசரக்காரன் கை துண்டுக்குள் கோழிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொள்ளும். அந்தத் துடிப்பைப் பிடித்துப் பிடித்துத்தான் மாடி வீடு கட்டினேன். பேரம் படிந்த பிறகும் கையை விட மாட்டேன். "சரிப்பா, கொசுறு என்ன தருவ?" என்பேன். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை, வேட்டி வாங்கினால் கைக்குட்டை, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு மஞ்சப்பையாவது. யாராவது மனசு மாறிப் பின்னால் வந்தால், "வித்த சரக்கு திரும்பாது, போப்பா" என்பேன்.

நான் பேரம் பேசாமல் கொடுத்தது உலகத்தில் ஒருத்திக்குத்தான். என் மகள் சந்தனமாரிக்கு என் கண். தொட்டால் சிவக்கும். அவளுக்கு மறைந்து அழத் தெரியாது. கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி, பவுடர் போட்டு வந்து நிற்பாள், கண் மட்டும் மிளகாய்ப் பழம் மாதிரி கிடக்கும். "என்னம்மா?" என்றால், "வெங்காயம்ப்பா" என்பாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் நான் என்ன விலை என்று கேட்காமல் கொடுத்துவிடுவேன். அப்படித்தான் காலேஜில் சேர்த்தேன், அப்படித்தான் சாத்தூர்க்காரன் ஒருத்தன் சம்பந்தத்தை வாசலோடு திருப்பி அனுப்பினேன். வாயைத் திறந்து அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

அடுத்து வந்தது தூத்துக்குடி உப்பளத்துச் சம்பந்தம். மாப்பிள்ளை பரவாயில்லை. மாப்பிள்ளையின் அம்மா தெய்வக்கனி எனக்கு மேல் ஒரு படி. என் வீட்டுக் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பொண்ணு தங்கமான பொண்ணு அண்ணாச்சி. நிறம்தான் ஒரு மாத்து கம்மி. இருபது பவுன்னு பேசினோம். அதை இருபத்தஞ்சா போட்டுருங்க" என்றாள்.

"நிறத்துக்கு அஞ்சு பவுனா?"

"நீங்க வத்தலுக்கு நிறம் பாத்து விலை வைக்கிறதில்லையா?"

மூன்று மணி நேரம் பேசினேன். ஒரு குன்றிமணி குறைக்க முடியவில்லை. நான் தோற்ற பேரங்களை ஒரு கை விரலில் எண்ணலாம், அதில் இது கட்டைவிரல். சந்தனமாரி கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். போகும்போது அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வாடகையா, சொந்தமா?" என்று கேட்டாள்.

"சொந்தம்."

"என்ன கலரு?"

தோற்ற எரிச்சலில் இருந்தேன். "செக்கச்செவேல்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

கார் இருந்தது. மூடின பஞ்சாலையில் ஏலம் எடுத்த அம்பாசடர், ஒரு காலத்தில் வெள்ளை, இப்போது கை வைத்தால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். கல்யாணத்துக்கு நாற்பது நாள். வண்டியை உருட்டிக்கொண்டு தேரடிக்குப் பின்னால் இருந்த சவரிராயன் பட்டறைக்குப் போனேன்.

சவரிராயன் கார் பெயிண்டர். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடித்து அடித்து, அவன் இருமினாலே ஏதோ ஒரு கலரில் இருமுவான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். வண்டியைத் தட்டிப் பார்த்தான், நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "தகரம் தெரியிற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும் அண்ணாச்சி. பட்டி பாக்கணும், பிரைமர் ரெண்டு கை, பெயிண்ட் நாலு கை. இருபத்தஞ்சாயிரம் ஆகும்" என்றான்.

நான் துண்டை உதறி அவன் கைமேல் போட்டேன். எனக்கு ஏற்கெனவே ஒரு விஷயம் தெரியும். அவன் மகள் மேரிக்கு நர்ஸிங் சீட் கிடைத்திருக்கிறது, வியாழக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் செவ்வாய். துண்டுக்குள் அவன் கை அடித்துக்கொண்டது பாருங்கள், அப்படி ஒரு நாடியை நான் அதுவரை பிடித்ததில்லை. நான் ஒவ்வொரு விரலாக மடக்கினேன். இருபதில் அவன் தலையை ஆட்டினான். பதினைந்தில், "கட்டுப்படியாகாது அண்ணாச்சி" என்றான். நான் கையை உருவிக்கொண்டு பத்து அடி நடந்தேன். பதினோராவது அடியில் எவனும் கூப்பிடுவான். கூப்பிட்டான். பத்தில் படிந்தது. அப்போது அவன் கை துடிப்பதை நிறுத்தி, ஆற்றுக் கல் மாதிரி சில்லென்று ஆகிவிட்டது.

"கொசுறு என்ன தருவ?" என்றேன்.

சவரிராயன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. "இந்தக் காசுக்குப் பாதி பெயிண்ட் வராது அண்ணாச்சி. மீதியை வண்டியே அங்கங்க வாங்கிக்கிடும். அதைக் கொசுறா வச்சுக்கோங்க" என்றான்.

நல்ல பதில் என்று சிரித்துக்கொண்டே வந்தேன்.

பத்தாம் நாள் வண்டி வந்தது, ரோஸ்மில்க் நிறத்தில். பட்டறைக்குப் போய்க் கத்தினேன், ஸ்ப்ரே கன்னைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். அவன் குனிந்து பொறுக்கித் துடைத்தான். "வண்டி இன்னும் வாங்கி முடிக்கலை. பொறுங்க" என்றான்.

மறுநாள் காலையில் என் வீட்டுக் காம்பவுண்டுச் செங்கல் சோற்றுப்பருக்கை நிறத்துக்கு வெளுத்திருந்தது, வண்டி ஒரு சுற்று சிவந்திருந்தது. அதற்கு மறுநாள் எதிர்வீட்டு இருளாயியின் செம்பருத்திச் செடியில் மல்லிகை நிறத்தில் பூத்தது, வண்டி இன்னொரு சுற்று சிவந்தது. அப்புறம் தபால்பெட்டி, அப்புறம் தக்காளி, அப்புறம் சாமியார் கடை சர்பத், அப்புறம் மாரியம்மன் கோயில் குங்குமம், அப்புறம் கட்சி ஆபீஸ் கொடி, அப்புறம் வெற்றிலை போட்டவர்கள் வாய் என்று தெருத் தெருவாக, ஒன்றிலும் அவசரப்படாமல், வீடு வீடாக வரி வசூலிக்கிறவன் மாதிரி அந்த வண்டி எங்கள் வாசலில் நின்ற இடத்தில் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டது.

ஊர் சண்டைக்கு வரும் என்று வாசலில் கம்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. ஊர் என்றால் அப்படித்தான், நாலு நாள் ஆச்சரியப்படும், ஐந்தாம் நாள் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடும். வெள்ளைக் குங்குமத்தைப் பூசாரி, அம்மன் குளிர்ந்திருக்கிறாள் என்று சொல்லிக் கொடுத்தார், முன்னைவிடத் தட்டில் அதிகம் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் திருத்துகிற மை தெரியாமல் போனதால் அந்தப் பரீட்சையில் எல்லாப் பிள்ளைகளும் பாஸானார்கள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு வெள்ளை மருந்துத் தலை வந்தது, நெருப்பு வழக்கம்போலப் பற்றியது. ரயில்வே கேட்டில் இருந்தவர் விளக்குக் கண்ணாடியில் கறுப்பு மையில் 'சிவப்பு' என்று எழுதி வைத்தார், லாரிக்காரர்கள் நிறுத்திப் படித்துவிட்டு நின்றார்கள். கிட்டங்கியில் நூறு மூட்டை வத்தல் தந்தம் மாதிரி வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து முதலாளிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டபோது, வடக்கே இருந்து வந்த ஒரு வியாபாரி, வெள்ளைக் குருமாவுக்கு இதுதான் வேண்டும் என்று ஒன்றரைப் பங்கு விலை கொடுத்து அள்ளிக்கொண்டு போனான். அந்தத் தரகிலும் நான்தான் இருந்தேன்.

என் கண்ணும் வெளுத்தது. அதற்குப் பிறகு நான் கத்தினால் எவனும் பயப்படவில்லை. "அண்ணாச்சி, சாந்தமாயிட்டீகளே" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலமானால் ஊரே என் வாசலில் கூடும். வண்டி அப்படி ஆகிவிட்டிருந்தது. அதைச் சிவப்பு என்று சொன்னால் போதாது. பக்கத்தில் போனால் முகத்தில் அனல் அடிக்கும், குழந்தைகள் அதைப் பார்த்தால் அழுகையை நிறுத்தும். வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தங்கள் தங்கள் சிவப்பைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். "இந்தா, இந்த லைட்டுக்கு மேல இருக்கு பாரு, இது என் செம்பருத்தி" என்றாள் இருளாயி. "அது என் தக்காளி மாதிரில்ல இருக்கு" என்றான் காய்கறிக்கடை வேலு. "போடா, ஒந்தக்காளி என்னைக்கு இவ்வளவு சிவந்துச்சு?" பூசாரிகூட பானெட்டில் ஒரு இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒருத்தராவது, எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன், அந்தச் சண்டையில் எனக்கு ஏதாவது உறைத்திருக்கும். தன் வீட்டிலிருந்து போனதை இன்னொருத்தன் வாசலில் பார்த்துப் பெருமைப்படுகிற சனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சந்தனமாரி மட்டும் வண்டிப் பக்கம் வரவே இல்லை. மாடியில் நின்று பார்ப்பாள். கல்யாணம் நெருங்க நெருங்க அவள் கண் சிவந்துதான் இருந்தது. ஊரில் மிச்சம் இருந்த ஒரே சிவப்பு அதுவாகத்தான் இருக்கும். "வெங்காயம்" என்றாள். நான், கல்யாணம் முடியட்டும், சாவகாசமாகக் கேட்போம் என்று இருந்துவிட்டேன். தேதி குறித்து, பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வித்த சரக்கு.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது என் மனைவி பேச்சித்தாய், கூறைப்புடவையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். அரக்குச் சிவப்பில் எடுத்த பட்டு. கரையோரம் நாலு விரல் அகலத்துக்கு வெளுத்திருந்தது.

"இது முழுசும் போறதுக்குள்ள போய் நிறுத்திட்டு வாங்க. வெள்ளைச் சேலை கட்டி எம்மகளை மணையில உக்கார வைக்க முடியாது."

"நீ என்னத்துக்குக் கத்துற? போறேன்."

"பேரம் பேசாதீக. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், இந்த ஒரு தடவை பேரம் பேசாதீக."

பதினைந்தாயிரத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்டேன். அவன் கேட்டதில் நான் குறைத்தது அவ்வளவுதான், ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன், மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது சத்தியம்கூடச் செய்தேன்.

பட்டறை வாசலில் மேரி தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை போய் முப்பத்தைந்து நாளாகிவிட்டது. என்னைப் பார்த்துவிட்டு, "அப்பா உள்ள இருக்காக" என்று மட்டும் சொன்னாள்.

சவரிராயன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "ஊர் கொடுத்ததைத் திருப்ப என்னால ஆகாது அண்ணாச்சி. இனிமே வாங்காம நிறுத்தலாம். பதினைஞ்சு."

"சரி" என்றேன். வாயால் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் வத்தல் வியாபாரிக்கு விலை வாயில் முடியாது, கையில்தான் முடியும். முடிக்க வேண்டுமே என்று துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டேன். கோத்த கை கோத்தபடி இருக்க, நாற்பது வருஷப் பழக்கம், நான் சொல்லாமலே, என்னைக் கேட்காமலே, என் சுண்டுவிரல் மடங்கியது.

அவன் கை சில்லென்று ஆனது. நான் விரலை நிமிர்த்தப் பார்த்தேன். கோத்த கைக்குள் மடங்கினதை நிமிர்த்துவது எங்கள் தொழிலில் கிடையாது.

"பதினாலு" என்றான் சவரிராயன். "சரி அண்ணாச்சி. அந்த ஒரு விரலுக்கு உண்டானதை மட்டும் வண்டி எடுத்துக்கிடும். அதோட நின்னுரும்."

"என்னத்தை எடுக்கும்?"

"அது எனக்கென்ன தெரியும்? பேரம் நீங்க பேசினது."

மடியில் மிச்சம் இருந்த ஆயிரத்தையும் எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. இருமிக்கொண்டே என்னைப் பார்த்து, "வித்த சரக்கு" என்றான்.

அன்றோடு நின்றது. கூறைப்புடவை அந்த நாலு விரல் கரையோடு தப்பித்தது. மாரியம்மன் கோயிலில் புதிதாக வாங்கிப் போட்ட குங்குமம் சிவப்பாகவே இருந்தது. விரல் மடங்கினதைப் பேச்சித்தாயிடம் சொல்லிவிட்டு, ஒரு விரலுக்கு எங்கேயோ ஒரு செங்கல் போயிருக்கும் என்று நினைத்து, இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன். முதல்நாள் மாப்பிள்ளை அழைப்பில் வண்டி தெருவில் ஊர்ந்தபோது ஊரே இரண்டு பக்கமும் நின்று அவரவர் சிவப்புக்குக் கை காட்டியது.

கல்யாணத்தன்று விடிந்து சந்தனமாரியை அலங்கரித்துக் கூட்டிவந்தார்கள். அரக்குப் பட்டுக்கு மேலே என் மகள் முகம் அரிசி மாவில் பிசைந்து வைத்தது மாதிரி இருந்தது. உதடு, காது மடல், நகக்கண், உள்ளங்கை, எல்லாம் வெளுப்பு. பேச்சித்தாய் என்னைப் பார்த்தாள், என் சுண்டுவிரலைப் பார்த்தாள், அன்றைக்கு நிறுத்தின பேச்சை என்னோடு இன்னும் ஆரம்பிக்கவில்லை. டாக்டர் வந்து நாடி பிடித்து, உடம்புக்கு ஒன்றும் இல்லை, நூறு வயது இருப்பாள் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

தெய்வக்கனி மணமேடைக்கு வந்து, பெண்ணின் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அந்த அம்மாள் திரும்பித் தன் சனத்தைப் பார்த்து, "ஏ, நம்ம பொண்ணு எப்படித் தெளிஞ்சுட்டா பாத்தீகளா! எலுமிச்சம்பழ நிறம்!" என்றாள். உப்பளத்துப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்து, நிறம்தான், நிறம்தான் என்றார்கள். என்ன மாவு பூசினீர்கள் என்று ஒருத்தி பேச்சித்தாயிடம் கேட்டாள்.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். விட்டால் இவ்வளவு சொன்னதும் பொய்யாகிவிடும். அந்த இடத்தில், என் மகள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிற அந்த இடத்தில், என் வாய் திறந்தது.

"அப்ப அந்த அஞ்சு பவுன், சம்மந்தியம்மா?"

தெய்வக்கனி சிரித்துவிட்டாள். பேரம் தெரிந்தவளுக்குப் பேரம் பிடிக்கும். "விட மாட்டீகளே அண்ணாச்சி. சரி, ரெண்டு பவுனைக் கழிச்சுக்கோங்க" என்றாள்.

சந்தனமாரி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஓமப் புகையில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவளுக்கும் வந்தது. ஆனால் கண் சிவக்கவில்லை. சங்கு மாதிரி, தூத்துக்குடி உப்பு மாதிரி, வெள்ளைவெளேரென்று இருந்தது. அது புகையா, அழுகையா என்று பார்த்துப் பார்த்து நான் நிற்கும்போதே மேளம் கொட்டிவிட்டது.

அந்த ஆயிரத்தை மறுமாதம் பத்தாயிரமாகக் கொண்டுபோனேன், அதற்கடுத்த மாதம் இருபதாயிரமாக. பட்டறை பூட்டியிருந்தது. வண்டியை நானே சுரண்டினேன். உப்புத்தாளை வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து தேய்த்தேன். சிவப்புக்கு அடியில் சிவப்பு, அதற்கு அடியிலும் சிவப்பு, எவ்வளவு தேய்த்தாலும் தகரம் வரவில்லை. ஊர்க்காரர்கள், "அண்ணாச்சி, அது என் செம்பருத்தி, பாத்துத் தேய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தலைதீபாவளிக்கு மகள் வந்தாள். மாப்பிள்ளை உள்ளே பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் முதல் தடவையாக வண்டியிடம் போய், மெதுவாக ஒரு சுற்று சுற்றி வந்து, டிரைவர் பக்கத்துக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு இடத்தில் சுண்டுவிரலை வைத்தாள். ஒரு விரல் அகலம்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் அதற்குப் பக்கத்தில் மங்கல்.

"இதுதான் நான்ப்பா" என்றாள்.

"நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கேன்."

நான் அவள் கண்ணைப் பார்த்தேன். வத்தலைப் பார்த்தால் எந்தக் கரிசலில் விளைந்தது என்று சொல்லுவேன், கையைத் தொட்டால் எவனுக்கு எவ்வளவு அவசரம் என்று சொல்லுவேன். வெள்ளையாக, சுத்தமாக, ஒன்றும் எழுதாத தாள் மாதிரி அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்படியில் அன்றைக்கு யாரும் வெங்காயம் நறுக்கவில்லை. நறுக்கியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.